அப்பாவுக்கு பி.எஸ்.பி. வந்திருக்கிறது, பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி காங்கேயம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. கேட்டவரின் அப்பாவுக்கு வயது 66. மூன்று வருடமாக அடிக்கடி பின்பக்கமாக விழுகிறார். முதலில் பார்க்கின்சன் என்று மாத்திரை கொடுத்தார்கள், அதற்குக் கேட்கவில்லை. இப்போது கோவையில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு பி.எஸ்.பி. (புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி, மூளை நரம்பணுக்கள் கெட்டு நடையும் கண் அசைவும் தளரும் நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா, அப்பாவுக்குச் சொந்த மாமன் மகள். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம். ஏறக்குறைய முடிந்துவிட்ட ஓர் இடம், "வீட்ல நரம்புச் சீக்கு இருக்குதாமுங்களே" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுபோனது. சொந்தத்தில் கட்டியதால் வந்ததா, எங்களுக்கும் வருமா, ஜீன் டெஸ்ட் எடுத்துக் காட்டினால் தங்கை கல்யாணம் நடக்குமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகளையும் வயதையும் வைத்துப் பார்த்தால், உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் நோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சொந்தத்தில் கட்டியதால் வந்ததும் இல்லை. தங்கை டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. எடுத்தாலும் அந்த ரிப்போர்ட்டை வைத்து யாரும் எதுவும் முடிவு செய்ய முடியாது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டியவர் நீங்கள். "டாக்டர் சொன்னார்" என்று மட்டும் சொன்னால் அங்கே எடுபடாது.

நான் நரம்பியல் மருத்துவர். ஈரோடு, தாராபுரம், கோபி, பல்லடம் என்று இந்தப் பக்கத்து ஜனங்களைத்தான் இத்தனை வருடமும் பார்த்துவருகிறேன். பி.எஸ்.பி. அபூர்வமான நோய். மேல்நாட்டுக் கணக்கெடுப்புகளில் ஒரு லட்சம் பேருக்கு ஐந்து முதல் ஏழு பேர் இந்த நோயோடு இருக்கிறார்கள். 1964இல் டொரன்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி என்ற மூன்று மருத்துவர்கள் இதைத் தனி நோயாக எழுதினார்கள். அதுவரை இது பார்க்கின்சனோடு சேர்த்தே எண்ணப்பட்டது. இன்றைக்கும் முதல் ஓரிரு வருடம் அப்படித்தான் தவறிப்போகிறது. உங்கள் அப்பாவுக்கு நடந்ததும் அதுதான், அதற்காக யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

ஒரு அம்மா சொன்னதை நான் மறக்கவே இல்லை. "ஏனுங்க டாக்டரு, முந்தியெல்லாம் அரிசிம்பருப்பு போட்டா வழிச்சு வழிச்சு திம்பாருங்க. இப்ப தட்டுல பாதி கெடக்குது, பாதி சட்டையில கெடக்குது. வேணும்னே பண்றாரோன்னு நானும் சத்தம் போட்டுப்போட்டேனுங்க." அவருடைய கணவரை எதிரே உட்கார வைத்து என் பேனாவைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினேன். பேனா இறங்கியது, கண் இறங்கவில்லை. மனிதர் தலையைக் குனியப் பார்த்தார், விறைத்துப்போன கழுத்து அதற்கும் இடம் கொடுக்கவில்லை. தட்டு அவர் பார்வைக்குள்ளேயே வரவில்லை. அந்த அம்மா அங்கேயே அழுதுவிட்டார். மேசைமேல் ஒரு சின்ன முக்காலியைப் போட்டு அதன்மேல் தட்டை வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது சட்டை சுத்தமாக இருந்தது. உங்கள் வீட்டிலும் இதை இன்றைக்கே செய்துபாருங்கள்.

சரி, மரபணுவுக்கு வருகிறேன்.

மூளை நரம்பணுக்களுக்குள் டௌ என்று ஒரு புரதம் இருக்கிறது. அணுவுக்குள் சரக்கு போய்வரும் நுண்குழாய்களைக் கலையாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. பி.எஸ்.பி.யில் இந்த டௌ குழாயை விட்டுக் கழன்று, தறியில் சிக்கு விழுந்த நூல் மாதிரி ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்கிறது. நம் உடல் இந்தப் புரதத்தை ஆறு வடிவங்களில் செய்கிறது. மூன்று வடிவங்களில் ஒரு குறிப்பிட்ட துண்டு மூன்று முறை வரும், மற்ற மூன்றில் நான்கு முறை வரும். பி.எஸ்.பி. மூளையில் சேர்ந்து கிடப்பது நான்கு முறை வருகிற வகைதான். நடுமூளை மெலிந்துபோவதால் கண்ணை மேலும் கீழும் ஓட்டும் திறனும், விழாமல் நிற்கும் திறனும் முதலில் போகின்றன. எம்.ஆர்.ஐ.யைப் பக்கவாட்டில் பார்த்தால் மெலிந்த நடுமூளை நீண்ட அலகுள்ள ஹம்மிங்பேர்ட் பறவை போலத் தெரியும். உங்கள் கோவை டாக்டர் பார்த்ததும் அநேகமாக அதைத்தான்.

இந்தப் புரதத்துக்கான ஜீன் 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது. பெயர் எம்.ஏ.பி.டி. அந்த ஜீனைச் சுற்றி சுமார் ஒன்பது லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி, மனிதர்களில் சிலருக்கு அப்படியே தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. இதை 2005இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். நேராக இருப்பதை எச்1 என்றும், திரும்பியிருப்பதை எச்2 என்றும் சொல்கிறோம். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு இருக்கும்.

பி.எஸ்.பி. நோயாளிகளிடம் எச்1 அதிகம் என்பது 1990களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. 2011இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. முதல் கட்டத்தில் மட்டும் 1,114 நோயாளிகளையும் நோயில்லாத 3,247 பேரையும் ஒப்பிட்டார்கள். எச்1இன் பங்கு அதில் உறுதியானது. முரண் விகிதம் (நோய் வரும் வாய்ப்பை எச்1, எச்2 என்று ஒப்பிடும் எண்) என்று நாங்கள் சொல்லும் கணக்கில் சுமார் ஐந்தரை மடங்கு. இணையத்தில் தேடினால் உங்கள் கண்ணில் முதலில் படுவது இந்த "ஐந்தரை மடங்கு"தான். பலரை ராத்திரி தூங்கவிடாமல் அடிப்பதும் அதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஐரோப்பியர்களில்கூட ஐந்து குரோமோசோமில் ஏறத்தாழ நான்கு எச்1 தான். சாதாரண ஆட்களில் பத்துக்கு ஆறு பேர் இரண்டுமே எச்1 ஆக இருப்பவர்கள். கிழக்கு ஆசியாவில் எச்2 கிட்டத்தட்டக் கிடையாது. நம் நாட்டிலும் அது ஐரோப்பாவை விடக் குறைவு. அப்படியென்றால் உங்கள் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு யாரைக் காட்டினாலும் அவரிடம் எச்1 இருக்கும். என்னிடம் இருக்கும். பின்வாங்கிப்போன அந்த மாப்பிள்ளை வீட்டாரிடமும் இருக்கும்.

இப்போது கணக்கைப் போட்டுப்பாருங்கள். ஒரு லட்சம் பேரில் ஆறு ஏழு நோயாளிகள். அத்தனை பேரும் இரண்டு எச்1 உள்ள அறுபதாயிரம் பேருக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு எச்1 உள்ளவர்களில் ஒரு லட்சத்துக்குப் பத்து பன்னிரண்டு பேருக்குத்தான் நோய் இருக்கும். மீதி 99,980க்கும் மேற்பட்டவர்களுக்கு இல்லை. எச்1 இருப்பது ஆபத்து என்று சொல்வதைவிட, அபூர்வமான எச்2 கொஞ்சம் காப்பாற்றுகிறது என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆபத்துக் காரணி என்பது வேறு, பரம்பரை நோய் என்பது வேறு. நம் ஊர் மஞ்சள் விவசாயிக்கு இது சொல்லாமலே தெரியும். கிழங்கு அழுகல் எளிதில் பிடிக்கிற ரகம் என்று ஒன்று இருக்கும். அதே விதைமஞ்சளை அண்ணனும் தம்பியும் பங்கிட்டு நடுவார்கள். தண்ணீர் தேங்கிய வயலில் அழுகும், வடிந்த வயலில் நன்றாக வரும். ரகத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் ரகம் மட்டுமே அழுக வைப்பதில்லை. பி.எஸ்.பி.யில் எச்1 அந்த ரகம் மாதிரி. நம்மில் ஏறக்குறைய எல்லாரும் அந்த ரகம்தான்.

2011 ஆய்வு வேறு மூன்று இடங்களையும் காட்டியது. எம்.ஓ.பி.பி. என்ற ஜீன் நரம்பின் மேலுறையோடு சம்பந்தப்பட்டது. எஸ்.டி.எக்ஸ்.6 அணுவுக்குள் புரதங்களை இடம் மாற்றும் வேலையோடு சம்பந்தப்பட்டது. மூன்றாவது, தப்பாக மடிந்த புரதம் சேரும்போது அணு எழுப்பும் எச்சரிக்கையோடு சம்பந்தப்பட்டது. 2024இல் வந்த இன்னும் பெரிய ஆய்வு, எதிர்ப்புச் சக்தியில் பங்குள்ள சி4ஏ என்ற ஜீனையும் சேர்த்தது. அதே ஆண்டு வந்த முழு மரபுத்தொகுதி ஆய்வு ஒன்றில் எனக்கு ஆச்சரியமான செய்தி இருந்தது. அபோ-ஈ என்ற ஜீனின் இரண்டாம் வகை அல்சைமரிலிருந்து காப்பாற்றுவது. பி.எஸ்.பி.யில் அதுவே ஆபத்தைக் கூட்டும் பக்கம் நிற்கிறது. ஒரே ஜீன் ஒரு நோய்க்கு நல்லது, இன்னொன்றுக்குக் கெட்டது. "நல்ல ஜீன் உள்ள குடும்பம்", "கெட்ட ஜீன் உள்ள குடும்பம்" என்று யாராவது பேசினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இவை ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகின்றன. எதுவும் தனியாக நோயைக் கொண்டுவருவதில்லை.

இந்த ஆய்வுகளில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கிட்டத்தட்ட எல்லாமே ஐரோப்பிய வம்சாவளி ஆட்களை வைத்துச் செய்தவை. பி.எஸ்.பி.யை நூற்றுக்கு நூறு உறுதி செய்வது இறந்தபின் மூளைத் திசுவைப் பார்த்துத்தான். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. மூளை தானம் என்று பேச்செடுத்தாலே நம் பக்கத்தில் பதறிப்போகிறார்கள். நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. ஆனாலும் நம் ஜனங்களின் கணக்கு அந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இனி, உண்மையிலேயே இறங்கும் வகை. அதுவும் உண்டு, மறைக்க மாட்டேன். எம்.ஏ.பி.டி. ஜீனிலேயே ஒரு எழுத்துப் பிழை விழுந்த குடும்பங்களை 1998இல் கண்டுபிடித்தார்கள். அங்கே பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பி.எஸ்.பி. நோயாளிகளில் இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு நோய் பெரும்பாலும் ஐம்பதுக்குள்ளேயே தொடங்கும். நடை கெடுவதற்கு முன்பே குணம் மாறும். சாந்தமான மனிதர் திடீரென்று கூச்சமில்லாமல் பேசுவார், கணக்கு வழக்கு கெடும். இரண்டு மூன்று தலைமுறையில் இதே மாதிரி ஆட்கள் இருப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு அறுபதைத் தாண்டித் தொடங்கியிருக்கிறது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய ஆறுதல்.

சொந்தத்தில் கட்டிய விஷயம். இந்தக் கேள்வி என் காதில் விழாத வாரம் இல்லை. முதலில் ஒன்றை யோசித்துப்பாருங்கள். அப்பாவும் அம்மாவும் உறவு என்பது அப்பாவின் ஜீனை எப்படி மாற்றும்? அப்பாவின் ஜீன் உங்கள் தாத்தா பாட்டியிடமிருந்து வந்தது. அவர் மாமன் மகளைக் கட்டினாலும் முன்பின் தெரியாத ஊரில் கட்டினாலும் அவருக்கு வருவது வந்துதான் இருக்கும். உறவுக் கல்யாணத்தின் விளைவு அடுத்த தலைமுறைக்குத்தான். அதிலும், இரண்டு பக்கமும் ஒரே பழுதான ஜீன் சேர்ந்தால் மட்டும் வரும் நோய்களுக்குத்தான். பி.எஸ்.பி. அந்த வகையே இல்லை. பாவம், உங்கள் அம்மா இத்தனை நாள் தன்னால்தானோ என்று மனதுக்குள் குமைந்திருப்பார். இதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஒரே கூட்டத்தில் (குலத்தில்) பெண் எடுக்க மாட்டோம், பங்காளி அண்ணன் தம்பி முறை, அதனால் ரத்தம் கலக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கட்டுப்பாடு அப்பா வழியை மட்டும் பார்க்கிறது. பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளியோடு உங்களுக்குப் பொதுவான ஜீன் ஏறக்குறைய ஒன்றுமிருக்காது, ஆனால் கட்டக்கூடாது. மாமன் மகளோடு எட்டில் ஒரு பங்கு பொது, அக்கா மகளோடு நாலில் ஒரு பங்கு பொது, அங்கே கட்டலாம். ஜீனுக்குக் கூட்டம் தெரியாது. இதை நம் முறையைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. கூட்டம் வேறானதால் ஜீனும் வேறு என்று நம்பி நெருங்கிய உறவில் அடுத்தடுத்த தலைமுறையாகக் கட்டும் வீடுகளில், வில்சன் நோய் மாதிரியானவை வரும்போது நெஞ்சு பதறுகிறது. தாமிரம் மூளையிலும் ஈரலிலும் சேர்ந்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கைநடுக்கமும் பேச்சுக் குழறலும் வரும். சீக்கிரம் கண்டால் மருந்து இருக்கிறது. அங்கே உடன்பிறந்தவர்களைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் மறக்கக்கூடாத இன்னொன்று, எஸ்.சி.ஏ. எனப்படும் சிறுமூளைத் தளர்வு நோய். அதன் முதல் வகை தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தினரிடம் அதிகமாக இருப்பதாக 2005இலேயே ஆய்வு வந்திருக்கிறது. சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து அளவுக்கு மேல் திரும்பத் திரும்ப வருவதால் உண்டாவது. தலைமுறைக்குத் தலைமுறை இன்னும் இளம் வயதில் தொடங்கும். குடித்தவர் மாதிரித் தள்ளாட்டம், விழுதல் எல்லாம் இருக்கும். இரண்டாம் வகையில் கண்ணும் மெதுவாகத்தான் ஓடும். பார்த்தால் பி.எஸ்.பி.யோ என்று குழப்பும். இதற்குத் தெளிவான ஜீன் டெஸ்ட் உண்டு. அப்பாவின் டாக்டர் குடும்பத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். இதையெல்லாம் தள்ளுபடி செய்யத்தான் கேட்கிறார்.

அப்படியானால் டெஸ்ட் யாருக்கு? சந்தேகம் இருந்தால் நோயாளிக்கு முதலில், அதாவது அப்பாவுக்கு. அவரிடம் பிழை ஏதும் இல்லை என்றால் பிள்ளைகளிடம் தேட ஒன்றுமே இல்லை. நோயில்லாத இருபத்து நாலு வயதுப் பெண்ணின் ரத்தத்தை எடுத்து, கல்யாணப் பேச்சுக்காக லேபுக்கு அனுப்புவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். எச்1 என்று வரும், வந்தே தீரும். "பி.எஸ்.பி. ஆபத்து ஜீன் உள்ளது" என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்தால் போதும், அது ஊரெல்லாம் சுற்றும். இன்னொரு தொல்லை, பொருள் தெளியாத மாற்றம் என்று ஒரு வகை. நல்லதா கெட்டதா என்று லேபுக்கே தெரியாது, ஆனால் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு குடும்பம் அப்படி ஒரு தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜாதகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான்கு பக்கமும் மடிப்பு விழுந்து நைந்திருந்தது. எத்தனை வீடுகளில் பிரித்துக் காட்டினார்களோ.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜீன் ரகம் என்றால் தண்ணீர் தேங்கும் வயல் எது? முழு விடை இன்னும் வரவில்லை, சில தடயங்கள் உண்டு. கரீபியன் கடலில் குவாதலூப் என்ற தீவில், பார்க்கின்சன் போன்ற அறிகுறியோடு வந்தவர்களில் பெரும்பாலோர் வழக்கமான பார்க்கின்சன் இல்லாமல், பி.எஸ்.பி. மாதிரியான, மருந்துக்குக் கேட்காத வகையாக இருந்தார்கள். 1999இல் அந்த ஆய்வு வெளியானது. அந்த ஊரில் பழமாகவும் இலைக் கஷாயமாகவும் நிறையச் சாப்பிடுவது முள் சீத்தா. அதிலுள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்பணுவின் சக்தி உற்பத்தியைக் கெடுக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், புற்றுநோய்க்கு நல்லது என்று நம் ஊரில் முள் சீத்தா இலையைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கும் யாராவது அன்போடு கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கி வையுங்கள், கொடுக்காதீர்கள். எப்போதாவது சாப்பிடும் சாதாரண சீத்தாப்பழத்துக்கு நான் யாரையும் தடுப்பதில்லை.

பிரான்சின் வடக்கே, சாயப்பட்டறையும் தோல் பதனிடுதலும் நடந்த ஒரு பகுதியில், குரோமியக் கழிவு கொட்டிய இடத்துக்கு அருகே பி.எஸ்.பி. நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருந்ததாக 2015இல் எழுதினார்கள். திருப்பூரில் யாரிடம் இதைச் சொன்னாலும் உடனே நம் நொய்யல் ஆற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்த ஆய்வு இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததைக் காட்டியது, ஒன்றால் மற்றொன்று வந்தது என்று நிரூபிக்கவில்லை. அதை வைத்து நொய்யலுக்கு முடிவு கட்ட முடியாது. சாயக் கழிவை ஆற்றில் விடக்கூடாது என்பதற்கு பி.எஸ்.பி. வந்துதான் காரணம் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். நம் பக்கத்தில் எதையும் மறைக்க முடியாது. சந்தையில் விசாரித்தாலே தெரிந்துவிடும். "அப்பாவுக்கு வயசான காலத்தில் வரும் நரம்பு நோய், லட்சத்தில் ஐந்தாறு பேருக்கு வருவது, எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை, பிள்ளைகளுக்கு இறங்குகிற வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று நேராகச் சொல்லுங்கள். வேண்டுமென்றால் அவர்களையும் அப்பாவின் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். என்னிடம் அப்படி இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்து உட்கார்ந்ததுண்டு. அரை மணி நேரம் பேசினோம். மாப்பிள்ளையின் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எங்க வீட்லயும் அந்த எச்1 இருக்குமுங்களா?" இருக்குமுங்க என்றேன். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து தேதி பேசினார்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று தலைமுறையை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், உறவில் கட்டியிருந்தால் நடுவே இரட்டைக் கோடு. யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். நடை தள்ளாடியவர், கை நடுங்கியவர், புத்தி பேதலித்தது என்று சொல்லப்பட்டவர் யாராவது உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். ஆண்கள் "அப்படியெல்லாம் யாருமில்லை" என்று முடித்துவிடுவார்கள். உங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் சாவகாசமாக உட்கார்ந்து கேளுங்கள். அவர் உங்கள் அம்மா வழிக்கு மட்டுமில்லை. உங்கள் அப்பாவைப் பெற்றவர் அவருக்கு நாத்தனார். இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.